பிறந்த வீட்டுக் கோடி

கருமாத்தூர்
14.2.2025

நாகஜோதிக்கு ஒச்சாயி எழுதுவது.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், கூட்டிக் கூட்டிப் படித்துக்கொள். போனிலேயே கேட்டிருப்பேன். உங்கள் இருவருக்கும் இருப்பது ஒரே போன். அது என் தம்பி தலைமாட்டில் கிடக்கிறது. யார் கூப்பிட்டாலும் அவன்தான் எடுக்கிறான். அதனால் நீ குளிக்கப் போய்வரும் லாட்ஜின் முகவரியை எங்கள் பங்காளி நல்லகாமனிடம் வாங்கி இதை எழுதுகிறேன்.

நீ வாய் நிறைய அண்ணன் என்று கூப்பிட்ட என் வீட்டுக்காரர் செத்த அன்று நடந்ததை உனக்கு யாரும் விவரமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். கரண்ட் வந்ததும் மோட்டார் போடக் கிளம்பினார். நேற்றே போட்டிருந்தால் இந்நேரம் பாய்ந்து முடிந்திருக்கும், சோம்பேறி மனுசன் என்று நான் வழக்கம்போல ஏசினேன். அவரும் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே போனார். வரப்பைத் தாண்டித் தண்ணீர் ரோட்டுக்கு ஓடுகிறதே என்று பார்க்கப் போனவர்கள், மோட்டார் கொட்டகை வாசலில் கிடந்தவரைத் தூக்கி வந்தார்கள். நெஞ்சடைப்பு. ஆஸ்பத்திரி வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

நல்லகாமன் உனக்குப் போன் போட்டபோது தம்பி ஸ்கேனுக்குப் போயிருந்தானாம், நீ எடுத்தாயாம். "அவுகளுக்குத் தெரிய வேணாம். நாளைக்குச் செல்லு ஏத்துறாக" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாயாம். உன் குரலில் ஒரு சொட்டு அழுகை இல்லை என்றான். உன் கல்யாணத்தில் வாழைமரம் கட்டியவர் அவர். நீ பசுமலைக்குக் குடிபோனபோது அரிசி மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு மாடி ஏறியவர். அவருக்கு உன்னிடம் இருந்தது அம்புட்டுத்தானா?

மூன்றாம் நாளே கருமாதியை முடித்துவிட்டார்கள், இப்போதெல்லாம் அப்படித்தான். தாலியைக் கழற்றிப் பாலில் போட்ட பிறகு, பிறந்த வீட்டுக் கோடி போடுகிறவர்கள் வரலாம் என்று கூப்பிட்டார்கள். உனக்குத் தெரியும். புருசன் போனவளுக்கு உடன்பிறந்தவன் புதுச் சேலை கொண்டுவந்து தோளில் போட வேண்டும். உனக்கு ஒரு வீடு இருக்கிறது, நான் இருக்கிறேன் என்று ஊருக்கு முன்னால் சொல்வதற்காக. நான் உட்கார்ந்திருந்தேன். என் தோள் வெறுமையாகத்தான் இருந்தது. வந்திருந்த பொம்பளைகள் எல்லாம் பார்த்தார்கள்.

அவனுடைய ரத்தத்தையே எடுத்து எங்கேயோ அனுப்பி, திரும்ப அவனுக்கே ஏற்றுகிறார்களாமே, அது என்ன வைத்தியம்? யாரைக் கேட்டுச் சம்மதித்தாய்? சாப்பிடுகிறானா?

நான் சொல்லிவிடுவேன் என்று பயப்படாதே. இது வரைக்கும் சொல்லவில்லை. அவன் கூப்பிட்டபோதெல்லாம் எடுக்காமல் விட்டேன், அவ்வளவுதான்.

ஒச்சாயி


சென்னை
18.2.2025

மதினிக்கு நாகஜோதி கும்பிட்டு எழுதிக்கொள்வது.

உங்கள் கடிதத்தை லாட்ஜ் படிக்கட்டிலேயே உட்கார்ந்து படித்தேன். நான் குளித்து வருகிற அந்த ஒரு மணி நேரம்தான் சிஸ்டர் அவர் பக்கத்தில் இருப்பார்கள். மற்ற நேரமெல்லாம் நான் அவரை விட்டு நகரக் கூடாது என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

அண்ணன் போன செய்தி கேட்டு நான் அழவில்லை என்று நல்லகாமன் சொன்னது சரி. போனில் அழவில்லை. அடுத்த நிமிடம் அவர் ஸ்கேன் முடிந்து சக்கர நாற்காலியில் வந்துவிடுவார். என் கண் சிவந்திருந்தால் போதும், கண்டுபிடித்துவிடுவார். பிறகு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எம்புட்டு நேரம் என்று தெரியாது. வாளி நிரம்பி வழிந்தது. உங்களுக்கு வரப்பைத் தாண்டித் தண்ணீர் ஓடியது மாதிரி எனக்கும் ஓடியது மதினி.

வைத்தியம் என்னவென்று கேட்டீர்கள். டாக்டர் எனக்குச் சொன்னதைச் சொல்கிறேன். நம் ரத்தத்திலேயே காவல்கார செல்கள் இருக்கிறதாம். வெளியிலிருந்து வருகிற நோயை அடித்துத் துரத்துவது அதுதான். இவருக்கு வந்திருக்கும் புற்றுநோயை அந்தக் காவல்காரனுக்கு அடையாளம் தெரியவில்லை. தன் வீட்டு ஆள் என்று விட்டுவிட்டது. அதனால் ஒரு மிஷின் வைத்து அந்தச் செல்லை மட்டும் பிரித்து எடுத்து, வெளியூர் லேபுக்கு அனுப்பி, இன்னார்தான் எதிரி என்று அடையாளம் காட்டிப் பெருக வைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். முன்னால் பார்த்த மருந்து எதுவும் கேட்கவில்லை என்பதால் இதற்கான ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார்கள். யாரைக் கேட்டுச் சம்மதித்தாய் என்றீர்கள். அவரைத்தான் கேட்டேன். "எஞ்சினை இறக்கி வெளியூர்ல வேலை பாத்து மாட்டுறாக, அம்புட்டுத்தான? போடச் சொல்லு" என்றார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவருக்கு எல்லாமே வண்டிதான்.

அண்ணனைத் தூக்கிய மறுநாள் அதை ஏற்றினார்கள். பெட்டியைத் திறந்ததும் பனிப் புகையாக வந்தது. இரண்டு சிஸ்டர்கள் பையில் இருக்கும் பெயரையும் அவர் கையில் கட்டிய பெயரையும் மாற்றி மாற்றி வாய்விட்டுப் படித்தார்கள். கையளவுப் பைதான். எனக்குக் கொடுத்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. செல் கெடாமல் இருக்கக் கலந்த மருந்தாம், அறை முழுக்க ஒரு வாடை. "யாரு இங்க பூண்டு ரசம் வைக்கிறது" என்று கேட்டார், சிஸ்டர்கள் சிரித்தார்கள். நான் அங்கே நின்றேன், என் மனது உங்கள் வாசலில் நின்றது.

இதை ஏற்றிய பிறகுதான் ஆபத்தே. உள்ளே போன செல் சண்டை போடும்போது காய்ச்சல் அடிக்கும், பிரஷர் இறங்கும், சிலருக்குப் புத்தி தடுமாறும். அதைப் பிடிப்பதற்காகத் தினமும் கேள்வி கேட்கிறார்கள். இது எந்த ஊர், எந்த மாதம் என்று கேட்பார்கள். பேனாவைக் காட்டி இது என்ன என்பார்கள். கடைசியில் ஒரு தாளைக் கொடுத்து ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள். என்ன வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் தினமும் அதையே எழுத வேண்டும். கையெழுத்து கோணினால் மூளைக்குள் கோளாறு என்று அர்த்தம். இவர் முதல் நாள் யோசிக்காமல் எழுதினார்: மச்சான்தான் எனக்கு டிராக்டர் ஓட்டப் பழக்கினார்.

அன்றைக்கு அண்ணனுக்குக் காடாற்றிப் பால் ஊற்றிய நாள், மதினி. தாளைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். தினமும் அதையே எழுதுகிறார். தினமும் நான்தான் பிடிக்கிறேன்.

சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று உங்களுக்குத் தெரியாதா? நீங்கள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. கையில் இருக்கும் ஊசியைப் பிடுங்கிவிட்டுக் கிளாம்பாக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்பார். ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியே இல்லாதபடி மருந்து கொடுத்து வைத்திருக்கிறார்கள். துட்டி வீட்டுக் கூட்டத்தில் போய் நின்றால் திரும்ப மாட்டார்.

கோடி விசயம் எனக்குப் புரியவில்லை. இவர் சார்பில் சேலை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி அன்றே நல்லகாமனிடம் சொல்லிவிட்டேனே. அவர் வரவில்லையா?

இனி எழுதப் போவதற்கு என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் போன் எடுக்காதது அவருக்கு உறுத்துகிறது. அக்காவை வீடியோவில் பார்க்க வேண்டும், மச்சானிடம் பேச வேண்டும் என்கிறார். சிக்னல் இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது. நேற்றிலிருந்து காய்ச்சல் நூற்று மூன்று. ஒரே ஒரு தடவை வீடியோவில் வாருங்கள் மதினி. நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு வாருங்கள்.

முடியாது என்றால் பதில் வேண்டாம். நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நாகஜோதி


கருமாத்தூர்
22.2.2025

நாகஜோதி,

நேற்று வந்தேனே, பார்த்தாயா? பக்கத்தில் இருந்துகொண்டு நீ ஒரு வார்த்தை பேசவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது எனக்கு ஓரத்தில் தெரிந்தது.

உன் கடிதம் வந்த அன்று அதை அரிசிப் பானையில் போட்டு மூடிவிட்டேன். இவளுக்கு எம்புட்டு நெஞ்சழுத்தம் என்று அன்று முழுக்க உன்னை மனசுக்குள் ஏசினேன். காலையில் எடுத்து மறுபடி படித்தேன். நீ வாளி நிரம்பி வழிந்தது என்று எழுதியிருந்த இடத்தில் என் கோபம் நின்றுவிட்டது. அதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

பொட்டுக்கு எங்கே போவேன்? குங்குமச் சிமிழை அன்றைக்கே எடுத்துக் கொண்டுபோய்விட்டார்கள். கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டையும் யாரோ சுரண்டிவிட்டிருந்தார்கள். வீட்டில் அவர் அக்கா ராமக்காள் மட்டும்தான் இருந்தது. மாதம் முடியும் வரை துணைக்கு இருக்கிறது. அதனிடம்தான் கேட்க வேண்டும். தம்பியைப் பறிகொடுத்தவளிடம் போய், அவன் பெண்டாட்டி எனக்குப் பொட்டு கொடு என்று கேட்பதா? எப்படியோ கேட்டுவிட்டேன். "உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சாடி" என்று எழுந்துவிட்டது. உன் கடிதத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். அதற்குப் படிக்கத் தெரியாது. நானே படித்துக் காட்டினேன். காடாற்று அன்று என் தம்பி எழுதினானே, அந்த வரி வந்ததும் போதும் நிறுத்து என்றது.

பிறகு தன் நெற்றியில் இருந்ததைப் பிய்த்து என் நெற்றியில் வைத்து அழுத்தியது. "என் தம்பிதேன் போயிட்டான். உன் தம்பியாச்சும் இருக்கட்டும்" என்றது. போனையும் அதுவே பிடித்துக்கொண்டது. கழுத்து தெரியாமல் முந்தானையை இழுத்துவிட்டது.

தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். முடியெல்லாம் கொட்டி, சின்ன வயதில் மொட்டை போட்டபோது இருந்த மாதிரியே இருந்தான். மச்சானை எங்கே என்றான். தண்ணீர் பாய்ச்சப் போயிருக்கிறார் என்றேன். அப்புறம் தைரியம் வந்து நன்றாகவே பேசிவிட்டேன். "அவரு மாதிரி பொறுப்பான மனுசன் உண்டாடா? தங்கமான ஆளு" என்றெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். திரும்பவும் மச்சானை எங்கே என்றான். இப்போதுதானே சொன்னேன்? அது எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. டாக்டரிடம் சொல்.

போன் வைத்ததும் பொட்டை எடுத்து ராமக்காளிடம் நீட்டினேன். வாங்கவில்லை. கதவுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறேன். இன்னொரு தடவை கூப்பிட்டால் வேண்டுமே.

நல்லகாமனைக் குறை சொல்லாதே. அவன் சேலை கொண்டுவந்தான். நல்ல சேலைதான். என் தோளில் போட வந்தபோது நான்தான் கையைத் தட்டிவிட்டேன். பங்காளி கையால் கோடி வாங்குகிறவள் யார்? உடன்பிறந்தவன் செத்துப்போனவள், இல்லாவிட்டால் உடன்பிறந்தவனே இல்லாதவள். என் தம்பி அங்கே ஊசியும் மருந்துமாகக் கிடக்கும்போது நான் இங்கே இன்னொருவன் கையால் சேலை வாங்கினால் அவனை என் வாயால் இல்லாமல் ஆக்கினது மாதிரி ஆகாதா? அவன் வந்து போடுவான் என்று சொல்லிவிட்டேன். கூட்டத்தில் ஒருத்தி, "அதுவரைக்கும் இப்பிடியேவா உக்காந்திருப்ப?" என்றாள். ஆமாம் என்றேன்.

முதல் கடிதத்தில் இதை எழுதாமல் உன்னை ஏசினேன். ஏச வேண்டும் போல இருந்தது, ஏசினேன். நீ அதற்கு வைத்தியத்தை விளக்கிப் பதில் எழுதியிருக்கிறாய். நீ பெரிய ஆள்தான்.

ஒச்சாயி


சென்னை
1.3.2025

மதினிக்கு நாகஜோதி எழுதுவது.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அவர் இருக்கிறார். இன்று காலை இரண்டு இட்லி சாப்பிட்டார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். உங்களிடம் பேசிய மறுநாள் காலை சிஸ்டர் தாளைக் கொடுத்தார்கள். மச்சான் என்று ஆரம்பித்தவர் அதற்கு மேல் போகவில்லை. ‘ம’ போட்ட இடத்திலேயே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். பேனா தாளை விட்டுப் போர்வைக்கு வந்துவிட்டது. எந்த ஊர் என்றால் உசிலம்பட்டி என்றார். என்னைக் காட்டி இது யார் என்றார்கள். மரியாதையாக, "தெரியலம்மா, தப்பா நினைக்காதீக" என்றார். பதினெட்டு வருசத்தில் என்னிடம் அவர் அப்படி மரியாதையாகப் பேசியதே இல்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன்.

ஐ.சி.யூவுக்கு மாற்றினார்கள். இது எதிர்பார்த்ததுதான், பெரும்பாலும் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். பெரும்பாலும் என்ற வார்த்தையை நான் அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டேன். உங்களுக்குச் சொல்லவில்லை. ஒரு சாவு விழுந்த வீட்டுக்கு இதையும் எப்படிச் சொல்வேன்? என்னை ஐ.சி.யூவுக்குள் பகலில் கொஞ்ச நேரம் விடுவார்கள். போய் உங்கள் ஊர்ப் பெயர், வேன் நம்பர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஏறும் இடங்கள் என்று வரிசையாகக் காதில் சொல்வேன். பைபாஸ் நிறுத்தம் வந்ததும் ஒரு நாள், "மூலக்கரைய விட்டுட்ட" என்றார் கண்ணைத் திறக்காமலே. சிஸ்டரைக் கூப்பிட்டுக் கத்தினேன். அப்படித்தான் திரும்பி வந்தார்.

அறைக்குக் கொண்டுவந்த பிறகு மறுபடி கேள்வி. ஊர், மாதம் எல்லாம் சரியாகச் சொன்னார். தாளை வாங்கி எழுதினார். எழுத்து கொஞ்சம் நடுங்கியது, ஆனால் வரியில் நின்றது. அந்த சிஸ்டர் கேரளத்துப் பெண். தமிழ் பேசுவார், படிக்க வராது. எழுத்து கோணாமல் இருக்கிறதா என்று அவர் பார்ப்பார், வாக்கியம் சரியா என்று என்னைக் கேட்பார். "அதே சென்டன்ஸ்தானே அக்கா?" என்று தாளை என் பக்கம் திருப்பினார்.

அதில், அக்காவுக்குக் கோடி எடுக்கணும் என்று எழுதியிருந்தது.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். புத்தி தடுமாறி எழுதினாரா, தெளிந்து எழுதினாரா? நான் சொல்வதை வைத்துத்தான் சிஸ்டர் மார்க் போட வேண்டும். பொய் சொல்லவும் முடியாது. "வேற எழுதியிருக்காரு சிஸ்டர். ஆனா சரியாத்தான் எழுதியிருக்காரு" என்றேன். அதற்கு மேல் நிற்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சிஸ்டர் போன பிறகு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பொட்டெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. பேச்சுதான் சரியில்ல. மச்சான் உசிரோட இருக்க வரைக்கும் எங்கக்கா அவரை ஒரு நாளும் நல்லவர்னு சொன்னதில்ல" என்றார். அப்புறம் காய்ச்சலில் கண்ட கனவோ என்று நினைத்துக் கொண்டாராம். எழுதிப் பார்ப்போம், இவள் முகத்தில் தெரிந்துவிடும் என்று எழுதினாராம். தெரிந்துவிட்டது.

எனக்கு ஏச்சு விழும் என்று நின்றேன். அவர் என் கையைப் பிடித்து, "ரெண்டு பொம்பளைக சேந்து எனக்காக இம்புட்டயும் அடக்கிட்டு இருந்தீகளா" என்றார். அவ்வளவுதான் மதினி. உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். நல்லகாமன் சேலையைத் தட்டிவிட்ட இடம் வந்ததும் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் எடுக்கவில்லை. எடுத்ததும், "அப்ப நான் போய்த்தான ஆகணும்" என்றார். அதுவரை எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுத்தவர் அன்று கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார்.

அவருக்கு ஏற்றிய செல் உங்கள் வாசலிலிருந்தும் கொஞ்சம் வந்ததோ என்று எனக்கு ஒரு நினைப்பு. டாக்டரிடம் சொல்லவில்லை, சிரிப்பார்.

நாகஜோதி


கருமாத்தூர்
6.3.2025

தாயி நாகஜோதி,

உன் கடிதத்தை ராமக்காளுக்கும் படித்துக் காட்டினேன். மாட்டிக்கொண்ட இடம் வந்ததும் அது அழுதுகொண்டே சிரித்தது. "நீ அவனைப் புகழ்ந்தா எவன் நம்புவான்" என்றது. எனக்கும் சிரிப்பு வந்தது. இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

ஆனால் ஒன்று. அன்று நான் சொன்னது பொய் இல்லை. பொட்டுதான் பொய்.

உன்னைத் தெரியவில்லை என்றானா? அந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். என் புருசன் என்னை ஏசாமல் சிரித்துக்கொண்டு போனார், அதுவே எனக்கு இப்போது போதுமானதாக இருக்கிறது. உன் புருசன் உன்னைப் பார்த்துத் தெரியவில்லை என்று சொன்ன பிறகும் நீ போய் அவன் காதில் பஸ் நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். எனக்கு அந்தப் பொறுமை வராது. நான் உன்னை நெஞ்சழுத்தக்காரி என்று நினைத்ததை வாபஸ் வாங்கவில்லை. அந்த நெஞ்சழுத்தம்தான் அவனைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது.

அவனிடம் சொல். கோடிக்கு அவசரம் இல்லை. டாக்டர் சொல்லாமல் ஊர்ப் பக்கம் கால் வைத்தால் சேலையை வாங்கி அவன் தலையிலேயே கட்டி அனுப்புவேன். நான் எங்கேயும் போகவில்லை.

ஒச்சாயி


பசுமலை
23.4.2025

மதினிக்கு நாகஜோதி எழுதுவது.

வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று போனில் சொன்னேன். ஆனாலும் சிலது எழுதினால்தான் நன்றாக இருக்கிறது. இனி அவர் எடுக்கட்டும் போனை, நாம் எழுதிக்கொள்வோம்.

உடம்பு முழுக்கப் படம் எடுத்துப் பார்த்ததில், முன்னால் கழுத்திலும் வயிற்றிலும் எரிந்துகொண்டிருந்த இடமெல்லாம் இப்போது இருட்டாக இருக்கிறது. டாக்டர் படத்தைக் காட்டினார். இனி வராதா என்று கேட்டேன். "இன்னைக்கு இல்ல. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்" என்றார். பொய் சொல்லாத டாக்டர். தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காய்ச்சல் என்றால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். கொஞ்ச காலத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது என்பதுதான் இவருக்குப் பெரிய தண்டனை. ஜன்னலில் நின்றுகொண்டு, போகிற வேனையெல்லாம் கியர் மாற்றத் தெரியவில்லை என்று குறை சொல்கிறார்.

சேலை எடுத்தாகிவிட்டது. கடைக் கூட்டத்துக்குள் அவரைக் கூட்டிப்போக முடியாது. நான் கடைக்காரர் போனை வாங்கி வீடியோவில் காட்டினேன், அவர் வீட்டில் இருந்து பார்த்தார். வெள்ளையில் எடுத்துக் காட்டியதும், "அதை மடி. எங்கக்கா காட்டுல வேலை பாக்குற ஆளு. மண்ணு பட்டாலும் தெரியாத கலரா எடு" என்றார். கடைக்காரர் போட்ட சேலையெல்லாம் மலை மாதிரிக் குவிந்துவிட்டது. கடைசியில் அரக்குக் கலர், பச்சைக் கரை. பார்டரைக் கிட்டக் காட்டு, தூரக் காட்டு என்று போன் சார்ஜ் தீரும் வரை பார்த்தார்.

டாக்டர் ஒரு மணி நேரத்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறார். ஞாயிறு காலை நல்லகாமன் காரில் கூட்டி வருவார். கூட்டம் கூடாது, மாலை பூ கூடாது, மாட்டுத் தொழுவம் பக்கம் போகக் கூடாது, முகமூடியைக் கழற்றக் கூடாது. யாரும் கட்டிப் பிடித்து அழக் கூடாது மதினி, நீங்களும்தான்.

நான் வர முடியாது. எனக்குச் சளி பிடித்திருக்கிறது. நேற்றிலிருந்து மொட்டை மாடியில் தனியாகப் படுக்கிறேன், சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன். இம்புட்டு நாள் கூடவே இருந்துவிட்டு இதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. என்ன நடந்தது என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். அவரிடம் கேட்டால் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்.

நாகஜோதி


கருமாத்தூர்
28.4.2025

தாயி நாகஜோதிக்கு ஒச்சாயி எழுதுவது.

ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

ராமக்காள் இதற்கென்றே ஊரிலிருந்து வந்து காலையிலேயே தெரு முக்கில் போய் நின்றுகொண்டது. என் தம்பி சோலை வருகிறான் என்று தெரிந்து ஒரு கூட்டம் கிளம்பியிருந்தது. ஒருத்தரையும் இந்தப் பக்கம் விடவில்லை. "பாக்கணும்னா அங்கன இருந்து பாருங்க, கண்ணு இருக்குல்ல" என்று துரத்தியது. மாடுகளை நான் முதல் நாளே தோட்டத்தில் கட்டிவிட்டேன். வாசலைக் கழுவிவிட்டு நடுவில் ஒரு நாற்காலி போட்டிருந்தேன்.

காரை விட்டு இறங்கினான். நடை சரியாக இருக்கிறது. நாற்காலியில் உட்காரவில்லை. உன் அண்ணன் செருப்பு கழற்றுகிற இடத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வந்து சேலையை எடுத்துப் பிரித்தான். நான் கிழக்குப் பார்த்து உட்கார்ந்தேன், அன்றைக்கு உட்கார்ந்த மாதிரியே. என் தோளில் போட்டான். போடும்போது அவன் விரல்கூட என் மேல் படவில்லை, அம்புட்டுக் கவனம். நீ பழக்கியதுதானே.

முக்கில் நின்ற பொம்பளைகளில் யாரோ குலவை போட ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். துட்டிக்கா நல்லதுக்கா என்று அவளுக்கே தெரியவில்லை போல.

நான் அழவில்லை. நீ கூடாது என்று சொல்லியிருந்தாய், அதனால் என்று நினைக்காதே. உனக்குச் சொல்கிறேன், அவர் போனதிலிருந்தே எனக்கு அழுகை வரவில்லை. தூக்கும்போதும் வரவில்லை, தாலி கழற்றும்போதும் வரவில்லை. வந்தவர்கள் கட்டிப் பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். நான் அவர்கள் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன். முதலில் தம்பியிடம் மறைக்கிற வேலை இருந்தது, அப்புறம் அவனுக்காகக் காத்திருக்கிற வேலை. நெஞ்சு கட்டியாகவே கிடந்தது. ராமக்காளுக்கு மட்டும் இது தெரியும். அதுதான் அவனிடம் போனில் சொல்லியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

அவன் அப்போதுதான் நாற்காலியை இழுத்துத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தான். முகமூடிக்கு மேல் கண் மட்டும் தெரிந்தது.

"எக்கா, மச்சானைக் கொஞ்சம் திட்டுக்கா" என்றான்.

என்னடா பேசுகிறாய் என்றேன்.

"அன்னைக்கு நீ தங்கமான மனுசன்னு சொன்னேல்ல. அதைக் கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல. நீ திட்டினாத்தான் அவரு நம்ம மச்சான் மாதிரி இருக்கும். திட்டு."

எனக்கு ஒன்றும் வரவில்லை. அவன் விடவில்லை. மோட்டார் ஒழுங்காக ஓடுகிறதா என்று கேட்டான். எங்கே ஓடுகிறது என்றேன். அந்தப் பெட்டியில் வயரை ஒழுங்காகச் சுற்றாமல் ஒரு துணியைக் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆளைக் கூப்பிடு, ஆளைக் கூப்பிடு என்று ஒரு வருசமாகச் சொன்னேன், காதில் வாங்கினாரா? இப்போது வந்த எலெக்ட்ரீசியன், யாரம்மா இதைக் கட்டியது என்று சிரிக்கிறான். அதைச் சொன்னேன். சொன்னதும் அடுத்தது வந்தது. ரேசன் கார்டை எங்கே வைத்தார் என்று இன்றைக்கு வரை தேடுகிறேன். வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக் கிள்ளி ஜன்னலில் போட்டு வைத்திருக்கிறார். மாத்திரையை வாங்கிச் சட்டைப் பையிலேயே வைத்துத் துவைக்கப் போட்டவர்தானே. நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னாரா அந்த மனுசன்? சிரித்துக்கொண்டு போனார். சொல்லாமல் கொள்ளாமல் போனார். சோம்பேறி மனுசன், சாவதற்கு மட்டும் என்ன அம்புட்டு அவசரம்?

அங்கேதான் உடைந்தது தாயி. புதுச் சேலையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். ராமக்காள் முக்கில் இருந்து ஓடி வந்தது, பாதியில் நின்று அதுவும் உட்கார்ந்து அழுதது. உன் புருசன் எழுந்து வந்துவிடுவானோ என்று பயந்தேன். வரவில்லை. எட்டி உட்கார்ந்து, நான் முடிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

டாக்டர் கொடுத்த ஒரு மணி நேரம் முடிந்தது என்று நல்லகாமன் ஹாரன் அடித்தான். போகும்போது, இனி ஞாயிறு தோறும் போன் போடுகிறேன், மச்சானைப் பற்றிப் புதிதாக ஏதாவது குற்றம் கண்டுபிடித்து வை என்று சொல்லிவிட்டுப் போனான்.

கோடியை இன்று காலையே கட்டிக்கொண்டு கடலை பறிக்கப் போய்விட்டேன். நல்ல கலர். மண் பட்டது தெரியவில்லை.

உனக்குச் சளி எப்படி இருக்கிறது?

ஒச்சாயி